ஏற்பவள்

பள்ளிக்கூடம் போகும் வழியில் மங்கையர்க்கரசி வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போவாள். தூத்துக்குடியின் பழைய கடற்கரை நீருக்குள் போன பிறகு மேட்டுப் பக்கம் கட்டிய ஆஸ்பத்திரி அது. செருப்பை வெளியே விட்டு, முகம் கழுவி, பாலம் அறைக்குள் நுழைந்து தன் நாற்காலியில் உட்காருவாள். திரைக்கு அந்தப் பக்கம் யாருக்காவது கட்டு மாற்றுவார்கள். இந்தப் பக்கம் அவளுக்கு வலிக்கும். முடிந்ததும் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு ஏழாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கப் போய்விடுவாள்.

நரம்புக் காய்ச்சல் உலகத்தைச் சுற்றி வந்த பிறகு வலி மருந்துகளும் மயக்க மருந்துகளும் மனித உடம்பில் வேலை செய்வதை நிறுத்தியிருந்தன. மாற்றாகக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் நோவுப் பாலம். நோயாளியின் நெற்றியில் ஒரு பட்டை, ஏற்பவரின் நெற்றியில் ஒரு பட்டை. வலி பாதியாகும். மற்றப் பாதி ஏற்பவருக்கு.

ஆனால் பாலத்துக்கு ஒரு குணம் இருந்தது. அந்தப் பக்கம் இருப்பவரின் வலி குறைய வேண்டும் என்று ஏற்பவர் நினைக்கும் வரைதான் அது நிற்கும். மனம் விலகினால் அறுந்துவிடும். சம்பளத்துக்கு வந்தவர்கள் வலியின் முதல் அலையிலேயே அறுந்து போனார்கள். சொந்தக்காரர்கள் பலர் பயத்தில் அறுந்து போனார்கள். கடைசியில் வந்து நின்றவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான்: கோயிலில் உழவாரப்பணி செய்யும் மங்கையர்க்கரசி, வலைக்கடை வைத்திருக்கும் செய்யது மீரான், ஒரு சமண மூதாட்டி, சாமியே இல்லை என்று சொல்லும் எலெக்ட்ரீஷியன் இருளப்பன். மங்கை ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொள்வாள். மீரான் பிஸ்மில்லா சொல்வார். இருளப்பன் தலை வாரிக்கொள்வார். எந்த மதத்துக்காரரின் பாலம் உறுதியானது என்று ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ந்து பார்த்தது. வித்தியாசம் எதுவும் அகப்படவில்லை. எல்லா மதத்துக்காரர்களுக்கும் அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மின்சேமிப்புக் கிடங்கு எரிந்ததற்கு அடுத்த மாதம் மங்கை மறுபடி வந்தாள். அந்தத் தீயில் அங்கே வேலை பார்த்த அவள் தம்பி திருமேனி இறந்திருந்தான். பின்வாசல் வெளியே பூட்டியிருந்தது. சாவியை வைத்திருந்த மேற்பார்வையாளர் பொன்னம்பலம் திறக்காமல் ஓடிவிட்டார். ஓடும்போது கிடங்குச் சுவர் வெடித்து முதுகு முழுக்க வெந்து, அவரும் இதே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

பாலத்தை இயக்கும் தெக்லா அவளை வாசலிலேயே நிறுத்தினாள்.

"அக்கா, இன்னிக்கு நீங்க வேண்டாம். வீட்டுக்குப் போங்க."

"ஏன்?"

"உள்ள பொன்னம்பலம்." தெக்லாவுக்கு மறைக்கத் தெரியாது. "மத்தவங்க எல்லாம் தீக்காய வார்டுலயே ஓய்ஞ்சு கிடக்காங்க. மீரான் அண்ணன் மட்டும்தான் இருக்காரு."

மங்கை எட்டிப் பார்த்தாள். மீரான் ஏற்கெனவே நாற்காலியில் இருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அறுபதைத் தாண்டியவர், இதயத்தில் கருவி வைத்தவர்.

"இவரு ஒருத்தரே தாங்குவாரா?"

"தாங்க மாட்டாரு. விட்டா அந்த ஆளு அதிர்ச்சியிலயே போயிருவாரு. டாக்டர் நிறுத்தச் சொன்னாரு, அண்ணன் கேக்கல."

மங்கை உள்ளே போய் ஒரு பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். தெக்லா இணைத்தாள். பச்சை விளக்கு எரிந்து, மூச்சு விடுவதற்குள் அணைந்தது. இத்தனை வருடத்தில் மங்கைக்குப் பாலம் அறுந்ததில்லை. அவள் வெட்கப்படவில்லை. எதிர்பார்த்ததுதான்.

"போ தங்கச்சி," என்றார் மீரான் கண்ணைத் திறக்காமல். "உன்னை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. மங்கை தெக்லாவிடம் திரும்பினாள்.

"என்னை அந்த ஆளோட இணைக்காத. அண்ணனோட இணை."

"அப்படி யாரும் செஞ்சதில்லையே."

"வலிக்கிறது அவருக்கும்தானே? அவனுக்காக என்னால முடியாது. இவருக்காக முடியும்."

தெக்லா சிலுவை போட்டுக்கொண்டு கம்பியை மாற்றிச் செருகினாள். விளக்கு எரிந்தது. நின்றது.

வலி வந்தது. மீரான் வழியாக வந்ததால் கொஞ்சம் மங்கலாக, ஆனாலும் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் தோலை உரிப்பது போல வந்தது. மங்கை பிரசவ வலியை ஏற்றிருக்கிறாள், எலும்பு முறிவை ஏற்றிருக்கிறாள். இந்த நெருப்பின் வலியை இதற்கு முன் ஏற்றதில்லை. பாதியில்தான் அவளுக்கு உறைத்தது. திருமேனிக்கு அந்தக் கதவுக்கருகில் இருந்தது இதே வலி. அன்றைக்கு அவனுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, எந்தப் பாலமும் இல்லை. ஒரு மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. பட்டையைக் கழற்றவில்லை.

இப்படியே இரண்டு வாரம் போயிற்று. பொன்னம்பலம் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் யாரிடமும் தீயைப் பற்றிப் பேசவில்லை. வருந்தியதாகவும் யாரும் சொல்லவில்லை. ஒரு காலையில் மீரானுக்கு நெஞ்சு அடைத்துப் பக்கத்து வார்டில் படுக்க வைத்தார்கள். மற்ற ஏற்பவர்கள் எல்லோரும் வேறு நோயாளிகளிடம் இருந்தார்கள். நர்ஸ் கட்டு மாற்றத் தயாராக நின்றாள்.

மங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போடு," என்றாள்.

விளக்கு எரிந்து அணைந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பொன்னம்பலம் அலறினார். "மறுபடி போடு." மறுபடியும் அணைந்தது. அவள் தம்பியை நினைத்தாள், அணைந்தது. ஐந்தெழுத்தைச் சொன்னாள், அணைந்தது.

"பாய் இல்லையா?" திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "யாரு அது?"

தெக்லா வேண்டாம் என்று தலையசைத்தாள். மங்கை பதில் சொன்னாள்.

"திருமேனியோட அக்கா."

"பட்டையைக் கழட்டுங்கம்மா," என்றார் பொன்னம்பலம். "எனக்கு வேண்டாம். நீங்க இதைப் பட வேண்டாம். நர்ஸம்மா, அப்படியே பிரிங்க, நான் பல்லைக் கடிச்சுக்கிடுதேன்."

நர்ஸ் தயங்கினாள், பிறகு ஓரத்தைப் பிரித்தாள். அவர் பல்லைக் கடித்தார். கடித்த பல்லுக்குள்ளிருந்து குழந்தை முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. அந்த முதுகில் எந்த இடத்தில் எப்படி எரியும் என்பது மங்கைக்குத் தெரியும்.

"பேசாம படுங்க," என்றாள் அவள். "தெக்லா, போடு."

விளக்கு எரிந்தது. மங்கை நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கட்டு முழுவதும் மாற்றி முடியும்வரை அது அணையவில்லை.

பட்டையைக் கழற்றும்போது தெக்லா தாழ்ந்த குரலில் கேட்டாள். "மன்னிச்சிட்டீங்களாக்கா?"

"இல்ல."

"பின்ன எப்படி நின்னுச்சு?"

மங்கை யோசித்தாள். "அந்த ஆளுக்கு வலிச்சுது," என்றாள். "வேற ஒண்ணும் இல்ல."

அவளால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. தெக்லா காபி கொண்டுவந்தாள். மங்கை பாதி டம்ளரைக் குடித்துவிட்டு, மீரானைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டே பக்கத்து வார்டுக்கு நடந்தாள்.