இரண்டு கரண்டி காபி

"அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்!" என்றாள் ஹெல்வி.

அவள் கணவர் தௌனோ நிறுத்தவில்லை. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, காபியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சினார்.

"நாப்பத்தாறு வருஷமா இதே பாட்டைத்தான் பாடுற..." என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் கோணியது. தட்டு கைநழுவி விழுந்தது.

பக்கவாதம். மருத்துவமனையில் அவரால் எதையும் விழுங்க முடியவில்லை. எது கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய்விடும், வாய்வழியாக ஒன்றும் கூடாது என்று கட்டிலுக்கு மேலே எழுதி வைத்தார்கள். ஹெல்சிங்கியிலிருந்து வந்த மகள் பைவி, நர்ஸ் மிர்யாவைச் சும்மா விடவில்லை. தலையணை சரியில்லை, மணி அடித்தால் வர இவ்வளவு நேரமா, இந்தக் குளிரில் ஜன்னல் ஏன் திறந்திருக்கிறது... எல்லாவற்றுக்கும் மிர்யா, "சரிம்மா, பாக்குறேன்" என்பாள்.

ஒன்பதாம் நாள் காலை தௌனோவுக்கு இருமல், காய்ச்சல். தலையணையில் காபிக் கறை.

"யாரு குடுத்தது? எங்கப்பாவைக் கொல்லப் பாக்குறீங்களா? இப்பவே புகார் எழுதுறேன்!"

ஹெல்வியின் கைப்பையில் பிளாஸ்க் துருத்திக்கொண்டிருந்தது. மிர்யாவின் பார்வை அதில் ஒரு கணம் தங்கி விலகியது.

"இவர் என் பொறுப்பு. எழுதுங்கம்மா."

ஹெல்வி கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் மகள் தன் முகத்தில் விழிப்பாளா? பைவி பேனாவைத் திறந்துவிட்டாள்.

"எழுதாத பைவி... நான்தான் குடுத்தேன். ரெண்டே கரண்டி. கண்ணாலயே கேட்டாருடி... என்னால தாங்க முடியல!"

"அம்மா! நீயா?"

"எனக்காக இந்தப் பொண்ணு திட்டு வாங்குறா. இதுக்கு மேல பாத்துட்டிருந்தா நான் மனுஷியே இல்ல."

மிர்யா அருகில் வந்தாள். "அந்த ரெண்டு கரண்டியாலதான் காய்ச்சல்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இனிமே இப்படிக் குடுங்க." குச்சி முனையில் இருந்த பஞ்சைக் காபியில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, பைவியிடம் நீட்டினாள்.

பைவி அப்பாவின் உதட்டில் தடவினாள். தௌனோ உறிஞ்சினார். அதே சத்தம், சன்னமாக.

பைவி உடைந்துபோனாள். "அப்பாவுக்கு என்ன செய்யுறதுன்னே தெரியலம்மா... அதான் இவங்களைத் திட்டிட்டே இருந்தேன்!"

ஹெல்வி மகளைக் கட்டிக்கொண்டாள். அந்த அணைப்புக்குள்ளிருந்தே பைவியின் கை நீண்டு மிர்யாவின் கையைப் பற்றியது.

ஞாயிறன்று தௌனோ போய்விட்டார். உயிர் வெளியே போக வழிவிடும் அந்த ஊர் வழக்கப்படி மிர்யா ஜன்னலைத் திறந்து வைத்தாள். இந்த முறை ஏன் என்று பைவி கேட்கவில்லை.

காபியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சுகிறவர்களை ஹெல்விக்கு இன்றும் பிடிக்காது.