ஏழாவது நிமிடத்துச் சூடு

ஏறி உட்கார்ந்த ஏழாவது நிமிடத்தில் கார் ஏசி சூடாக ஊதியது.

நேற்றும் அதே ஏழாவது நிமிடம்தான். அதுவரை ஒழுங்காகக் குளிர்ந்துகொண்டிருந்த காற்று, யாரோ ரகசியம் சொல்ல வந்து காதருகில் மூச்சு விட்டதுபோல ஒரு கணம் வெதுவெதுத்தது. பிறகு கூச்சம் விட்டுப்போய், அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் பின்னால் எங்கிருந்தோ ஈரத் துணி வாடையும் கலந்து வந்தன. பக்கத்து இருக்கையில் எட்டு மாத வயிற்றோடு இருந்த மனைவி, துப்பட்டாவை எடுத்து விசிறிக்கொண்டாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால், திருப்பிக் கத்தியாவது ஆறியிருப்பான்.

அவனுக்கு மீன் குளிர்பதனக் கிடங்கில் வேலை. கையில் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி. விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும், விழுந்த இடத்தின் சூடு எண்ணாகத் தெரியும். சுவரில் எங்கே குளிர் கசிகிறது என்று புள்ளி புள்ளியாகத் தேடிப் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. நாற்பது டன் மீனைக் கெடாமல் வைத்திருப்பவனுக்கு ஒரே ஒரு மனைவியைக் குளிர வைக்கத் துப்பில்லை என்று கிடங்கில் யாரும் சொல்லவில்லை. அவனே சொல்லிக்கொண்டான், தினமும்.

போன மாதம் வெக்கையில் அவள் மயங்கி விழுந்தாள். ரத்த அழுத்தம் ஏறுகிறது, இனி வெயில் படவே கூடாது, இன்னொரு முறை இப்படி ஆனால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டரம்மா அவனைத்தான் பார்த்துச் சொன்னார். ஆஸ்பத்திரியோ முக்கால் மணி நேரத் தூரம்.

மெக்கானிக்கிடம் மூன்று முறை போய்விட்டான். கேஸ் சரியாக இருந்தது, கம்ப்ரசர் சரியாக இருந்தது, சூட்டையும் குளிரையும் பிரித்துவிடும் மடலும் சரியாக இருந்தது. மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டினால் பல் கிட்டும் குளிர். அவன் தனியாக ஓட்டினாலும் அப்படித்தான். தொழில் புத்தி விடாமல் இரண்டு வாரம் நேரம் போட்டு எழுதிவைத்துப் பார்த்ததில் தெரிந்தது ஒன்றே ஒன்று: மனைவி ஏறினால் மட்டுமே சூடு வருகிறது. ராசியில்லாதவள் என்று நேராகவே சொல்லிவிடலாமே, எதற்கு இவ்வளவு பேப்பர் என்று அவள் சிரித்தாள்.

அதனால் இன்று மதியம், ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்குப் போகும் வழியில், அவளோடு பட்டறைக்கு வந்திருந்தான்.

அவள் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க, மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, தன் கருவியைச் செருகிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முழங்கால் பக்கத்தில் இருந்த சின்னச் சல்லடையைக் காட்டினார். கார் உள்ளே எவ்வளவு சூடு என்று ஏசிக்குச் சொல்லும் சென்சார் அதற்குள்தான் இருக்கிறதாம்.

"உள்ள பதினோரு டிகிரின்னு சொல்லுது சார். அதான் ஏசி பாவம் பார்த்து சூடு விடுது."

வெளியே முப்பத்தெட்டு. அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மெக்கானிக் புதுச் சென்சார் ஒன்றை மாட்டினார். ஏழு நிமிடம் காத்திருந்தார்கள். பத்து என்றது.

"ரெண்டு சென்சாரும் ஒரே பொய்யச் சொல்லாது சார்."

"பொய்யோ மெய்யோ, கழட்டிடுங்க."

"ஏசிக்கு இது ஒண்ணுதான் கண்ணு. எடுத்துட்டா நேரா குளிர்தான் ஓடும். நீங்களே கேட்டாலும் சூடு வராது."

"அண்ணே, இந்த வெயில்ல சூடு வேணும்னு எந்தப் பைத்தியம் கேட்கும்? கழட்டுங்க."

கழற்றினார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய எட்டாவது நிமிடத்திலும் காற்று குளிர்ந்தே இருந்தது. பத்தாவதிலும். அவனுக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது. மனைவி கண்ணை மூடி இருக்கையில் சாய்ந்தாள்.

"பிள்ளைக்கும் பிடிச்சுப்போச்சு போலங்க. வண்டியில ஏறினா உதைச்சுக்கிட்டே வரும். இப்ப அசையவே இல்லை."

தூங்கிவிட்டாள்.

பாலத்தின் மேல் வண்டிகள் நின்றன. முன்னும் பின்னும் நகர இடமில்லை. ஏசியின் இரைச்சல் மட்டும். வெற்றிக் களிப்பில், கிடங்கிலிருந்து கொண்டுவந்த பையில் கிடந்த வெப்பமானியை எடுத்தான். ஏசித் துவாரத்தில் புள்ளி வைத்தான். ஆறு. அடி சக்கை. தன் உள்ளங்கை முப்பத்துமூன்று. அவள் தோள் முப்பத்துமூன்று. வயிறு ஒன்பது.

பேட்டரி தீர்ந்திருக்கும். மறுபடி உள்ளங்கையில் வைத்தான். முப்பத்துமூன்று.

வயிறு, எட்டு.

காற்று நேராகப் படுகிறது, அதனால்தான். துவாரத்தை மேலே திருப்பிவிட்டான். வயிறு, ஏழு.

புள்ளியை ஒரு விரற்கடை இந்தப் பக்கம் நகர்த்தினான். முப்பத்திரண்டு. பழைய இடம், ஏழு. குளிர் மொத்தமும் ஓர் உள்ளங்கை அளவுக்குள் இருந்தது. அதிலிருந்து மெல்லிய கோடுகளாகப் பிரிந்தது. எண்ணினான். ஐந்து.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது அவன் தொழில். கை தானாகத் தேடியது. வயிறு, ஏழு. இடுப்பு, ஆறு. இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே இருந்த சந்து, ஐந்து. அங்கிருந்து பின்னால்.

ஈரத் துணி வாடை.

அவன் திரும்பவில்லை. குமிழை முழுக்கச் சிவப்புப் பக்கம் திருப்பினான். குளிர்ந்த காற்று வந்தது. அணைத்தான், மறுபடி போட்டான். குளிர்ந்த காற்றுதான் வந்தது. இத்தனை நாளும் கார் எதைத் துரத்திக்கொண்டிருந்தது என்று இப்போது புரிந்தது. புரிந்து என்ன.

மனைவி தூக்கத்திலேயே முகம் சுளித்தாள்.

"கையை எடுங்க. ஜில்லுன்னு இருக்கு."

அவனுடைய ஒரு கை குமிழில் இருந்தது. இன்னொன்றில் வெப்பமானி.

அவள் வயிற்றின் மேல் துப்பட்டாவில் ஐந்து சின்னப் பள்ளங்கள். அவன் பார்க்கப் பார்க்க அவை லேசாக உயர்ந்தன. பதிந்தன. உயர்ந்தன. பதிந்தன. அவசரமே இல்லாமல், பாசமாக, பிள்ளையைத் தூங்கவைக்கத் தட்டிக்கொடுப்பதுபோல.