குழல் இழுத்த மூச்சு

மூடிக் கிடந்த கல்குவாரிக்குள் இருவரும் வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. முன்னால் இரும்பு கடையும் லேத்துக்காரன், தோளில் சாக்கில் சுற்றிய நாட்டுத் துப்பாக்கி. பின்னால் அவன் மனைவியின் தம்பி. வழி நெடுக ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டே வந்தார்கள்.

"புதுக் குழல் போட வக்கில்ல. செத்தவர் துப்பாக்கிய வெட்டி ஒட்டியிருக்கீங்களே, மாமா."

"வாய மூடிட்டு வா."

செத்தவர் லேத்துக்காரனின் அண்ணன். சுட்டு முடித்ததும் குழலின் முனையில் வாய் வைத்து ஊதுவது அந்த ஆளின் பழக்கம். பின்னாலிருக்கும் சின்னத் துளை வழியாகப் புகை வந்தால் உள்ளே அடைப்பில்லை என்று பொருள். போன வருடம் ஒருநாள் துப்பாக்கி வெடிக்கவில்லை. அடைப்பு என்று நினைத்து ஊதினார். மருந்து அப்போதுதான் பற்றியது. குழலின் பின்பக்கமும் பிளந்தது. நல்ல இரும்பை வீணாக்குவானேன் என்று லேத்துக்காரன் பிளந்த பகுதியை அறுத்தெறிந்துவிட்டு, மிச்சக் குழலுக்கு அதே மாதிரித் துளையோடு புது மூடி கடைந்து பொருத்திவிட்டான். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

"என் தம்பி முழுசா திரும்பி வரணும். இல்லைன்னா வீட்டுப் படி ஏறாதீங்க" என்று மனைவி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

குழல் தாங்குமா என்று சுட்டுப் பார்க்க, துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டினார்கள். பாறைக்குப் பின்னால் பதுங்கி, விசையில் கட்டிய கயிற்றை லேத்துக்காரன் இழுத்தான்.

குவாரி அதிர்ந்தது. குழல் தாங்கிவிட்டது. அவனுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.

அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது.

உஸ்... உஸ்...

துளையிலிருந்து புகை விட்டு விட்டு வந்தது. யாரோ ஊதுகிறார்கள். குழலின் முனையில் யாருமில்லை. கருகிய மயிரின் நாற்றம் வந்தது.

"கிட்டப் போகாதடா."

"உங்க பயத்த உங்களோட வச்சுக்கோங்க."

மைத்துனன் போய் மண்டியிட்டான். வீம்புக்கென்றே குழலில் வாய் வைத்தான்.

அவன் ஊதவில்லை.

குழல் இழுத்தது.

கன்னம் ஒட்டியது. மார்பு உள்வாங்கியது. கைகள் மண்ணைப் பிறாண்டின. லேத்துக்காரன் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இழுத்த இழுப்பில் இருவரும் மல்லாந்து விழுந்தார்கள்.

மைத்துனனின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தான். மூச்சில்லை. ஐயோ, அவளிடம் என்ன சொல்வேன் என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அப்போது குழலுக்குள்ளிருந்து மைத்துனனின் குரல் வந்தது.

"மாமா... இருட்டா இருக்கு, மாமா..."

கீழே கிடந்த உடம்பு நீளமாக மூச்சை இழுத்தது. எழுந்து உட்கார்ந்தது. உதட்டைச் சுற்றி வட்டமாகக் கரி.

"என்னடா குள்ளா" என்றது. அந்தப் பெயரில் அவனைக் கூப்பிட்டவர் அண்ணன் ஒருவர்தான். "குழலோட சேத்து என்னை அறுத்தப்ப எவ்வளவு வலிச்சுது தெரியுமா?"

குழலுக்குள்ளிருந்து மறுபடியும் மைத்துனனின் குரல்.

"வெளிய விடுங்க, மாமா..."

அந்த உடம்பு சட்டை ஓரத்தைக் கிழித்துச் சுருட்டி, குழலின் முனையில் வைத்து, மருந்து கெட்டிக்கும் கம்பியால் இறுக இறுக அடித்தது. தடுக்கப் போனவனின் மணிக்கட்டை ஒற்றைக் கையால் முறுக்கியது. பிறகு துப்பாக்கியை அவிழ்த்து அவன் தோளிலேயே மாட்டிவிட்டது.

"நட. உன் பொண்டாட்டி காத்துட்டிருப்பா."

வீட்டு வாசலில் அவள் ஓடிவந்து தம்பியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. தம்பி சிரித்தான்.

லேத்துக்காரன் படி ஏறாமல் நின்றான். தோளிலிருந்த குழலின் சின்னத் துளை, அவன் காதோரம், சூடாக மூச்சு விட்டது.

"அக்கா... அது நான் இல்லக்கா..."