இரண்டாம் நம்பர் பெட்டி

"தள்ளுங்க... கொஞ்சம் வழி விடுங்க!"

நெஞ்சைக் கையால் அமுக்கிக்கொண்டு அவள் படியிறங்கி ஓடினாள். குறுக்கே வந்த ஸ்ட்ரெச்சரைச் சுவரோடு ஒட்டித் தாண்டினாள். கீழ்த்தளத்துக்கு இன்னும் பதினாறு படி. மார்புக்குள் ஏதோ கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் பிடித்தாக வேண்டும்.

ஈ.சி.ஜி. அறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்து கட்டிலில் விழுந்தாள்.

"சீக்கிரம்டி! ஒயரை மாட்டு!"

சிஸ்டர் மாட்டினாள். பத்தாவது ஒயர் ஒட்டிய நொடியில் ஓட்டம் சட்டென்று நின்றது. யாரோ பெடலிலிருந்து காலை எடுத்தது போல.

தாளில் கோடு சமர்த்தாக ஓடியது.

"உனக்குள்ள இருக்கறது ஹார்ட் இல்லடி, கள்ளக்காதலன்" என்றாள் சிஸ்டர். "ஆள் வர்ற சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியா ஓடிடுறான்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

பன்னிரண்டு வருடமாக அந்த அறையின் டெக்னீஷியன் அவள்தான். நோயாளிகளுக்கு 'ஒயர்க்கார அக்கா'. ஊரார் நெஞ்சையெல்லாம் தாளில் இறக்கியவளுக்குத் தன் நெஞ்சு மட்டும் பிடிபடவில்லை. மூன்று மாதமாக இதே கதை. முதலில் ஒரு வாசம் வரும். பிறகு படபடப்பு, வியர்வை, செத்துவிடுவோம் என்ற நிச்சயம். இரண்டு நிமிடம். பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, ஸ்கேன் எல்லாமே சுத்தம்.

"நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் வந்ததுக்கு அழற ஆளை இப்பதான் பாக்கறேன்" என்றான் கணவன்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். உடம்பா, மனசா?

இதய டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இது வரும்போது ஹார்ட் தாளம் தப்பினா உடம்பு. தாளம் தப்பாம வேகமா மட்டும் அடிச்சா, பெரும்பாலும் பதட்டம். ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கும்மா. எதுன்னு முதல்ல தெரியணும். ஆமா, மனசுல எதையாவது புதைச்சு வச்சிருக்கியா?"

"இல்ல டாக்டர்."

பதில் கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது.

"அப்ப ரெக்கார்டரைக் கட்டிக்கோ. ஒரு நாள் முழுக்கக் கழட்டாதே."

இடுப்பில் கட்டும் சின்னப் பெட்டி அது. இருபத்து நான்கு மணி நேரத் துடிப்பையும் பதிந்துகொள்ளும். படபடப்பு வந்தால் பட்டனை அழுத்தி, நோட்டில் நேரத்தை எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் இருப்பதே இரண்டு பெட்டி. முதலாவது ஒரு நோயாளியின் இடுப்பில் இருந்தது.

"ரெண்டாம் நம்பர் சும்மாதானே கிடக்கு?" என்று அலமாரியைத் திறந்தாள் சிஸ்டர். "கடைசியா அந்தத் தையக்காரம்மா கட்டினது. பாவம்."

அவள் பெட்டியை இரண்டு விரல் நுனியால் வாங்கினாள்.

நாலு மாதத்துக்கு முன் வந்தவர் அந்தத் தையற்காரம்மா. ரவிக்கையில் நூல் பிசிறு, கையில் மெஷின் எண்ணெய் வாசம். "நெஞ்சுக்குள்ள மெஷின் ஓடற மாதிரி இருக்கும்மா. வீட்ல எல்லாம் பைத்தியம்னு சொல்றாங்க. நீயே சொல்லு, இது உடம்பா, மனசா?" ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. "மனசுதான்மா. போய் நிம்மதியா தூங்குங்க" என்று முதுகைத் தட்டி அனுப்பியவள் இவள்தான்.

பத்தாம் நாள், தைத்துக்கொண்டிருந்த துணியின் மேலேயே தலை சாய்ந்து கிடந்தாராம்.

மறுநாள் பகல். கீழ்த்தளத்துக் கோடியில், ஜன்னலே இல்லாத பதிவேட்டு அறையில் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் பெட்டி. குழல்விளக்கு லேசாக முனகியது. பழைய காகிதத்தின் நெடி.

அதற்குள் இன்னொரு வாசம் நுழைந்தது.

மெஷின் எண்ணெய்.

அலமாரிகளுக்குப் பின்னால், எங்கோ, ஒரு பெடல் மெதுவாக மிதிபட்டது. கட... கட...

அவள் பட்டனை அழுத்தினாள். நோட்டைத் திறந்து 12.40 என்று எழுதினாள். பென்சில் கையிலிருந்து நழுவியது.

கடகடகடகட.

சத்தம் அலமாரிக்குப் பின்னாலிருந்து வரவில்லை.

அவள் விலா எலும்புக்குள்ளிருந்து வந்தது.

ஒவ்வொரு குத்தாக ஊசி இறங்கி ஏறியது. கண்களை இறுக மூடி, அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் காகிதத்தில் பென்சில் கீறும் ஓசை கேட்டது. கண்ணைத் திறக்கத் துணிவில்லை.

சத்தம் நின்றதும் நோட்டைப் பார்க்காமலேயே மூடி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"பிடிச்சுட்டோம்!" என்றார் டாக்டர், திரையைத் தட்டி. அவள் கண்ணில் நீர் தளும்பியது. அப்பாடா, உடம்புதான். மாத்திரை உண்டு, ஆபரேஷன் உண்டு.

ஆனால் டாக்டரின் முகம் மலரவில்லை.

"நாலு நிமிஷம். உயிரை எடுக்கற தாளம். இதுக்கு வைத்தியம் பண்ணலாம், உன் ஹார்ட்ல கோளாறுன்னு ஒண்ணு இருந்தா. இல்லையேம்மா. துடிப்புங்கறது கையெழுத்து மாதிரி. இந்த நாலு நிமிஷம் உன் கையெழுத்தே இல்ல. வேற யாரோ உனக்குள்ள இருந்து எழுதின மாதிரி இருக்கு. நான் எதைப் பிடிச்சு வைத்தியம் பண்றது?"

மேஜை இழுப்பறையிலிருந்து நைந்துபோன ஒரு ரிப்போர்ட்டை எடுத்தார்.

"தையக்காரம்மாவோடது. அவங்க போனதுலேர்ந்து தினமும் எடுத்துப் பாக்கறேன், எங்க கோட்டை விட்டேன்னு. ஒவ்வொரு துடிப்பும் மனப்பாடம். உன் நாலு நிமிஷம் இதோட பொருந்துமோன்னு பாத்தேன். பொருந்தல."

அவள் மூச்சு விட்டாள்.

"மிச்சம் பூராவும் பொருந்துது. அச்சு அசல். செத்துப்போனவங்க ரிப்போர்ட்ல உன் ஹார்ட் எப்படிம்மா வந்துச்சு?"

அறையில் மெஷின் எண்ணெய் வாசம் வீசியது. டாக்டரும் மூக்கைச் சுளித்தார்.

"அழிச்சுட்டேன் டாக்டர்." குரல் நூலாக வந்தது. "சேமிக்கற பட்டனுக்குப் பதிலா வேறதை அழுத்திட்டேன். அவங்க பதிவு மொத்தமும் போயிடுச்சு. ஏற்கெனவே ரெண்டு மெமோ வாங்கியிருந்தேன், சொல்ல பயம். ஞாயித்துக்கிழமை நானே பெட்டியைக் கட்டிக்கிட்டு, அவங்க பேரைப் போட்டுக் கொடுத்தேன். நீங்க அன்னிக்குப் பாத்தது என் ஹார்ட்."

டாக்டர் நோட்டை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

12.40 என்ற அவள் எழுத்துக்குக் கீழே, அவள் எழுதாத, சாய்ந்த கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது.

'உடம்புதான்மா.'