பஞ்சம்மாள் அத்தை வாசலில் மழை முடிச்சு

பஞ்சம்மாள் அத்தை போட்ட அலறலில் பாளையம்பட்டியின் அந்தத் தெருவே வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தது.

சுவாதி அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரையோடு வாசலுக்கு ஓடினாள்.

எதிர் வீட்டுப் பஞ்சம்மாள் அத்தை கோலப்பொடி டப்பாவைக் கீழே போட்டுவிட்டு நடுத்தெருவில் நின்றார். முதலில் வீட்டில் பேசும் கன்னடத்தில் கத்தினார். பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் தமிழுக்கு வந்தார்.

"செய்வினை! என் வாசல்ல எவளோ செய்வினை வச்சிருக்கா! அதுவும் அமாவாசையும் வெள்ளிக்கிழமையும் சேந்த நாளாப் பாத்து வச்சிருக்கா!"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கிடந்தது. அதன் மேல் கரியால் வரைந்த ஒற்றைக் கண். கழுத்தைச் சுற்றிக் கறுப்பு நூல்.

சுவாதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதி நுரையை விழுங்கியே விட்டாள்.

அது செய்வினை இல்லை. மழை முடிச்சு. நேற்றுச் சாயங்காலம் அவளே ஒளித்துவைத்தது!

கோடை லீவுக்கு வந்த கார்த்தீஸ்வரன் அண்ணன் ஓர் ஆட்டம் சொல்லிக்கொடுத்திருந்தான். ஒருவர் கதை சொல்ல வேண்டும். கதைக்குள் இருக்கும் மற்றவர்கள், தாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். நடுநடுவே மாயப் பொருள்கள் கிடைக்கும். அண்ணன் கதையில் கிடைத்ததெல்லாம் வாளும் கேடயமும்தான்.

"நம்ம ஊருக்கு வாள் எதுக்கு? மழைதான வேணும்" என்று சுவாதி தானே மாயப் பொருள்கள் செய்ய ஆரம்பித்தாள். வாயால் சொன்னால் போதாது, தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று தெருவில் ஒளித்தும் வைத்தாள். அங்கேதான் வந்தது வினை.

"எவ வச்சான்னு எனக்குத் தெரியும்க்கா" என்றார் சௌடப்பன். அவர் பஞ்சம்மாள் அத்தையின் தம்பி. "போன வாரம் குழாயடிச் சண்டையில, நீ நல்லாவே இருக்க மாட்டேன்னு சொன்னது யாரு?"

எல்லோருடைய கண்களும் சௌந்தரம் சித்தியின் பக்கம் திரும்பின. சௌடப்பன் வீட்டில்தான் சித்தி குடும்பம் வாடகைக்கு இருந்தது.

சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. "ஏதோ கோவத்துல சொன்னேன்க்கா. சத்தியமா நான் வைக்கல."

"சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணிருங்க. அம்புட்டுதான்" என்றார் சௌடப்பன்.

சித்திக்குப் பின்னால் அவர் மகன் காளிராஜ் நின்றான். சுவாதியின் உயிர்த் தோழன். அந்தக் கரிக்கண் யார் வரைந்தது என்று அவனுக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. சுவாதியைப் பார்த்தான். அவளைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

சுவாதிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் காளிராஜ் தெருவை விட்டுப் போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கூட்டத்துக்குள் புகுந்தாள்.

"அத்தை, அது நான் வச்சது! விளையாட்டுக்கு!"



"பாத்தீகளா!" என்றார் சௌடப்பன். "பச்சப்பிள்ளை கையில குடுத்துல்ல வைக்கச் சொல்லிருக்கா!"

சௌந்தரம் சித்தி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் சுவாதி நினைத்திருந்தாள். இப்படி ஆகும் என்று அவள் கண்டாளா?

"இருங்க, இருங்க! இன்னும் இருக்கு, காட்டுறேன்!"

வீட்டுக்குள் ஓடினாள். கட்டிலுக்கு அடியில் இருந்த செருப்புப் பெட்டியைத் தூக்கிவந்து தெருவில் கவிழ்த்தாள். கண் வரைந்த கொட்டாங்குச்சி விழுந்தது. சிவப்பு நூல் சுற்றிய மிளகாய் வற்றல் விழுந்தது. கோழி இறகு செருகிய எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு உருண்டு சௌடப்பன் காலடிக்கே போனது.

சௌடப்பன் துள்ளிய துள்ளலில் அவர் செருப்பு ஒன்று பஞ்சம்மாள் அத்தை வீட்டு டிரம்முக்குள் விழுந்தது. கூட்டம் சிதறி ஓடியது.

"ஆத்தாடி! தெருவுக்கே சேத்துல்ல செஞ்சிருக்காக!"

சுவாதியின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அடியே! இதையா நான் படுத்திருக்கிற கட்டிலுக்கு அடியில வச்சிருந்த?"

"இது பறக்குற எலுமிச்சம்பழம்மா. அது போட்டா ஆளு மறைஞ்சுபோற கொட்டாங்குச்சி. இந்த மிளகா பொய் சொன்னாத்தான் உறைக்கும்..."

அவள் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் இன்னும் வெளிறியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

விளக்கம் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை என்று சுவாதிக்குப் புரிந்தது. விளையாடும்போது மட்டும் எப்படி எல்லோரும் கேட்கிறார்கள்? அப்போது அவள் விளக்கம் சொல்வதில்லையே, கதையல்லவா சொல்வாள்!

விறுவிறுவென்று போனாள். மழை முடிச்சைக் கையில் எடுத்தாள். நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தொட்டுட்டா!" என்று கூட்டம் அலறியது. "ஐயையோ, வாயில நுரை தள்ளுது பாருங்க!"

சுவாதி புறங்கையால் வாயைத் துடைத்தாள். "இது பேஸ்ட்டு."

யாராவது சிரிப்பதற்குள் கதையை ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு ஊரு. சுத்திலும் கரிசக்காடு. விதைச்சுட்டு வானத்தையே பாத்துக்கிட்டு இருக்காக. மழையக் காணோம். ஏன்னா, மேகத்தையெல்லாம் ஒரு மலைப்பாம்பு முழுங்கிருச்சு."

ஓடியவர்களில் பாதிப் பேர் நின்றார்கள். மழை இல்லாத ஊர் என்றதும் அவர்களுக்குக் கால் நகரவில்லை.

"மிச்சம் இருந்த மழைய ஒரு துணியில முடிஞ்சு, மேக ராணி வாசல்ல ஒளிச்சு வச்சிருக்காக. அதைத் தேடிக்கிட்டு பாம்பு வந்துருச்சு. ராணி வாசல்லதான் நிக்கிறாக. கையில விளக்கமாறு." சுவாதி நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை, இப்ப என்ன செய்யப் போறீக?"

பஞ்சம்மாள் அத்தை திகைத்துப்போனார். "என்னையவா கேக்குற?"

"நீங்கதான அத்தை மேக ராணி? குழாயில தண்ணி வராத நாள்லகூட, விளையாடிட்டு வந்து கேட்டா எங்களுக்கு இல்லைன்னு சொன்னதே இல்லையே நீங்க. அதான் மழையை உங்க வாசல்ல வச்சேன்."

தறியில் உட்கார்ந்தே பொழுதைக் கழித்த அத்தையை இதுவரை யாரும் ராணி என்று சொன்னதில்லை. கண்ணை இறுக்கித் துடைத்துக்கொண்டார்.

"என்ன செய்வேனா? விளக்கமாத்தாலேயே அது மண்டையில ஒரு போடு போடுவேன்!"

காளிராஜ் தாயக்கட்டையோடு ஓடிவந்தான். "உருட்டுங்க அத்தை! தாயம் விழுந்தா பாம்புக்கு அடி விழும். முடிச்சை அவுக்கலாம்."

அத்தை உருட்டினார். தாயம் விழவில்லை.

"பாம்பு தலையைத் திருப்பி உங்களைப் பாக்குது" என்றாள் சுவாதி.

"ஐயோ!" என்றது தெரு.

"வாலைப் பிடிச்சு இழுக்கணும்க்கா!" என்று ஒற்றைச் செருப்போடு முன்னால் வந்துவிட்டார் சௌடப்பன்.

அத்தை மறுபடியும் உருட்டினார். மறுபடியும் விழவில்லை. தாயக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, வாசற்படியில் முந்தானையால் முகத்தை மூடியிருந்த சௌந்தரம் சித்தியைப் பார்த்தார்.

"சௌந்தரம், விசாரிக்காம உன்மேல பழியைப் போட்டுட்டோம். தப்புதான், மனசுல வச்சுக்காத. வா, நீ உருட்டு."

சித்தி தயங்கித் தயங்கி வந்தார். அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணீரைத் துடைத்த கையாலேயே உருட்டினார்.

"தாயம்!" என்று தெருவே கத்தியது.

பஞ்சம்மாள் அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடி கரிசல் மண்ணும் நாலைந்து பருத்தி விதையும் இருந்தன.

"இம்புட்டுதானா?" என்றார் சௌடப்பன். அவர் முகத்தில் அசடு வழிந்தது.

"அப்ப நாங்க வீட்டைக் காலி பண்ண வேண்டாமாக்கா?" என்று சௌந்தரம் சித்தி மெதுவாகக் கேட்டார்.

"நல்லாருக்குடி உன் நியாயம்!" என்ற பஞ்சம்மாள் அத்தை தாயக்கட்டையைச் சித்தியின் கையில் திணித்தார். "அடி வாங்கின பாம்பு சும்மா விடுமா? இந்த நேரத்துல நீ வீட்டை மாத்திட்டுப் போயிட்டா, நான் மட்டும் எப்படி அதை அடிக்கிறது?"