ரெசிஸ்டரைப் பிடுங்கிய விளக்கு

அந்தப் பழைய கட்டடத்துக்கு நானும் கொழுந்தனும் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வாட்ச்மேன் நிலவறைக் கதவைத் திறந்துவிட்டு, படிகளைக் கைகாட்டினார். அவர் எங்களோடு இறங்கவில்லை.

குழாய் வேலைக்காக அந்தப் படிகளில் இறங்கிய என் கணவர் மேலே வரவேயில்லை. உள்ளே ஒரு சுவர் சரிந்திருந்தது. தேடியவர்கள் உடம்பு கிடைக்கவில்லை என்றார்கள், வெளிச்சம் போதவில்லை என்றார்கள், அத்தோடு கைகழுவிவிட்டார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. மரத்துப்போயிருந்தேன். அவரை எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நான் விளக்குப் பழுது பார்ப்பவள். வெளிச்சம் போதவில்லை என்று என்னிடமா சொல்வது? பேட்டரியில் எரியும் மலிவான எல்இடி விளக்கு ஒன்றை வாங்கிப் பிரித்தேன். உள்ளே, மின்சாரத்தை அளந்து விடுவதற்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கும், கஞ்சனைப் பந்தியில் பரிமாற விட்ட மாதிரி. மதிப்பு குறைந்த ஒன்றை அந்த இடத்தில் போடுவதுதான் முறை. எனக்குப் பொறுமை இல்லை. அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பியை நேராகவே ஈயத்தால் பற்ற வைத்தேன். வெளிச்சம் கண்ணைப் பறித்தது.

"இப்பவே சூடு ஏறுது அண்ணி. கருகிடப் போகுது," என்றான் கொழுந்தன். என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். நான் எங்கே கூப்பிட்டாலும் வருவான்.

"கொஞ்ச நேரம் தாங்கினா போதும்."

கீழே ஈரமண் வாடை அடித்தது. எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செங்கல் குவியல், உடைந்த குழாய், தேங்கிய நீர் என்று மூலை முடுக்கெல்லாம் விளக்கைக் காட்டினேன். ஒன்றுமில்லை.

"அணைச்சிடு. கண்ணு கூசுது."

கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வாய் மூடியிருந்தது.

அது என் கணவர் குரல்.

"அணைச்சிடாதீங்க அண்ணி," என்று கொழுந்தன் கிசுகிசுத்தான். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நான் அணைக்கவில்லை. பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம்தான் முதலில் வந்தது. பிறகு எல்இடிகள் ஒவ்வொன்றாகக் கருகின.

இருட்டு.

ஒரு கை என் தோளைப் பிடித்துப் படிகளின் பக்கம் திருப்பியது. கொழுந்தன்தான் என்று நினைத்து, தட்டுத்தடுமாறி ஏறினேன். கை தோளைவிட்டு விலகவில்லை. கடைசிப் படியில் வெயில் முகத்தில் அடித்தது.

அப்போதுதான் கீழேயிருந்து கேட்டது. மெல்லிசாக.

"அண்ணி, எங்க இருக்கீங்க? எனக்கு வழி தெரியல."

கொழுந்தன்.

என் தோள் நனைந்துகொண்டிருந்தது.

"வா, வீட்டுக்குப் போலாம்," என்றது காதருகே.

திரும்பிப் பார்க்கவில்லை. பயம் என்று சொன்னால் பொய். பயப்படுவதற்குக்கூட எனக்குள் எதுவும் மிச்சமில்லை. கீழே ஒருவன், பின்னால் ஒருவர் என்று மட்டும் புரிந்தது. இறங்கினால் இந்தக் கை விட்டுப் போய்விடும்.

வாட்ச்மேன் சாவியோடு வந்தார். என்னைப் பார்த்தார். என் தோளுக்குப் பின்னாலும் பார்த்துத் தலையசைத்தார்.

"ரெண்டு பேரும் வந்துட்டீங்கல்ல? பூட்டிடவா?"

"பூட்டிடுங்க," என்றேன்.