ஐந்தாவது கை

முதுகில் ஊசி போட்ட டாக்டர் அவள் காலைக் கிள்ளிவிட்டு, "தெரியுதாம்மா?" என்று கேட்டார். தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே தனக்கு உடம்பே இல்லாதது போலிருந்தது இசைவாணிக்கு. ஆனால் விடியற்காலையில் லோஷன் ஊற்றிக் கழுவிய அந்த ஆபரேஷன் அறையில், சிவகாசியில் பிறந்தவள் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லக்கூடிய ஒரு வாடை அடித்தது.

"சிஸ்டர், மருந்து வாடை வருது."

தலைமாட்டில் நின்ற நர்ஸ் ஸ்வீட்டி சிரித்தாள். "ஆஸ்பத்திரியில மருந்து வாடை வராம மல்லிகப்பூ வாடையா வரும்?"

"இந்த மருந்து இல்ல. வெடி மருந்து. எரிஞ்ச வாடை."

ஸ்வீட்டி முகக்கவசத்துக்குள் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தலையசைத்தாள். நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியைத் திரைபோலக் கட்டினார்கள். அதற்கப்பால் தன் வயிறு என்ன ஆகிறது என்பது அவளுக்குத் தெரியாது. மேலே தொங்கிய பெரிய விளக்கின் எவர்சில்வர் கிண்ணத்தில் மட்டும் எல்லாம் சின்னதாக, வளைந்து தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூத்தவள் பிறந்ததும் ஆபரேஷனில்தான். அதனால் இதுவும் ஆபரேஷன் என்று ஆறாம் மாதமே முடிவாகிவிட்டது. நாளைச் சொன்னது டாக்டரம்மா. நேரத்தைச் சொன்னது மாமியாரின் ஜோசியர்: ஆவணி மாதம், புதன்கிழமை, பத்தேகாலுக்கு மேல் பத்தே முக்காலுக்குள் எடுத்தால் ஆண் பிள்ளை, அப்பனுக்கு யோகம். குடும்பக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே செய்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது அவள் புருஷன் முனியராஜ். வயிறு மட்டும்தான் அவளுடையது. அதைப் பற்றிய பேச்சில் அவளுக்கு இடமில்லை. காலையில் இருக்கன்குடி கோயில் குங்குமத்தை அவள் நெற்றியில் பூசி, "பயப்படாத, எல்லாம் நம்ம சொன்னபடி நடக்கும்" என்று அவன் சிரித்தபோது, அந்தக் கையைக் கடித்துவிடலாமா என்றிருந்தது அவளுக்கு.

கத்தி பட்டது தெரியவில்லை. பிறகு இழுப்பு தெரிந்தது. வலி இல்லாத இழுப்பு, யாரோ மூட்டைக்குள் கையை விட்டு எதையோ தேடுவது போல. மூத்தவளுக்கும் இப்படித்தான் இருந்தது. பயத்தை மறக்க அப்போது கைகளை எண்ணினாள். இப்போதும் எண்ணினாள். டாக்டரம்மாவின் கை இரண்டு. எதிர்ப்பக்கம் நின்று உதவும் சின்ன டாக்டரின் கை இரண்டு. மொத்தம் நாலு.

ஐந்தாவது கை ஒன்று இருந்தது.

அது வெளியிலிருந்து வரவில்லை. உள்ளே, விலா எலும்புக்குக் கீழே, பிள்ளையின் கால் கிடக்கும் இடத்தில் இருந்தது. நாலு கைகளும் வெளியே இழுக்க, அது உள்ளே இழுத்தது. சூடாக இருந்தது. ஊசி போட்ட உடம்புக்குச் சூடு தெரியக் கூடாது. தெரிந்தது.

"தலை கையில இருக்கு, வரலையே" என்றார் டாக்டரம்மா. "கொடி சுத்தியிருக்கா பாருங்க."

"இல்ல மேடம்."

"அப்ப என்ன புடிச்சிருக்கு?"

கதவு தட்டும் சத்தம் கேட்டது. வெளியிலிருந்து முனியராஜின் குரல். "சிஸ்டர், மணி பத்தரை ஆயிட்டுது. நேரம் போகுதுன்னு டாக்டரம்மாட்ட சொல்லுங்க."

அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளே இருந்த கை இறுகியது. அது யார் கை என்று இசைவாணிக்குத் தெரிந்துவிட்டது.

பொன்மணி.

இதே ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் பழக்கம். வயிற்றில் இருவருக்கும் ஒரே மாசம். நாரணாபுரத்துப் பக்கம் முனியராஜ் போர்மேனாக இருக்கும் பட்டாசுக் கம்பெனியில், குழாய்க்குள் மருந்து செலுத்தும் வேலை பொன்மணிக்கு. எட்டாம் மாதம் அவள் இசைவாணியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, மருந்து செட்டுல குனிஞ்சு உக்கார முடியல. அண்ணன்ட்ட சொல்லி என்னைய பெட்டி ஒட்டுற பக்கம் மாத்தி விடுங்க."

இசைவாணி முனியராஜிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே பதில் சொன்னான். "சீசன்ல ஆர்டர் நிக்குது. வந்தா வரட்டும், இல்லன்னா நின்னுக்கிடட்டும்."

ஆடி மாதம் அந்த மருந்துக் கொட்டகை வெடித்தது. செத்தது ஆறு பேர் என்று பேப்பரில் போட்டார்கள். ஏழாவது ஆளான பொன்மணியின் பெயர் பதிவேட்டில் இல்லை. அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை என்று விசாரிக்க வந்த அதிகாரியிடம் முனியராஜ் சொன்னான். மூன்றாம் நாள் பொன்மணியின் புருஷன் பாண்டிராஜ் வாசலில் வந்து நின்றான். சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தான்.

"அக்கா, அடக்கம் பண்ணக்கூட ஒண்ணும் கிடைக்கல. அவ வேலைக்கு வந்தான்னு உங்களுக்குத் தெரியும்லா. ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா. அது போதும்."

உள்ளேயிருந்து முனியராஜ் கண்ணைக் காட்டினான். கதவைச் சாத்தியது இசைவாணி. தன் கையால் சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கோபம். அவன் சாப்பிடும் சத்தத்தின் மேல், குறட்டையின் மேல், அவன் செருப்பின் மேல். எல்லாவற்றையும் விடத் தன் கையின் மேல்.

"மேடம், பிள்ளைக்குத் துடிப்பு குறையுது." சின்ன டாக்டரின் குரல்.

"இன்னும் கொஞ்சம் கிழிங்க. சீக்கிரம்."

இழுத்தார்கள். மேசையே ஆடியது. உள்ளே இருந்த கை விடவில்லை. வாடை இப்போது தொண்டைக்குள் இருந்தது. கந்தகம், கருகிய துணி, கருகிய முடி.

இசைவாணி கண்ணைத் திறந்தாள்.

"அவ வேலைக்கு வந்தா" என்றாள்.

"பேசாதீங்கம்மா."

"பொன்மணி அன்னைக்கு வேலைக்கு வந்தா. எட்டு மாசக்காரி. என் வீட்டுக்காரருதான் வரச் சொன்னாரு. செட்டுக்குள்ளதான் இருந்தா. எனக்குத் தெரியும். தெரிஞ்சே கதவச் சாத்துனேன்." அவள் குரல் அழுகையாக இல்லை. பல்லிடுக்கிலிருந்து வந்தது. "அதிகாரிட்டயும் சொல்லுதேன். பாண்டிராஜ்ட்டயும் சொல்லுதேன். எங்கன வேணும்னாலும் வந்து சொல்லுதேன். பிள்ளைய விடு பொன்மணி. அது என்ன செஞ்சுச்சு?"

ஸ்வீட்டி அவள் நெற்றியில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே ஒரு விரல் விட்டது. பிறகு ஒன்று. பிறகு எல்லாம்.

பிள்ளை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நீலம் பாரித்திருந்தது. முதுகில் தேய்த்தார்கள், தேய்த்தார்கள், கடைசியில் வீறிட்டது. பையன். இடது கணுக்காலைச் சுற்றி நாலு விரலும் கட்டைவிரலும் அழுந்திய சிவப்புத் தடம். ஸ்வீட்டி அதைப் பார்த்தாள். துணியால் மூடினாள்.

மணி பத்து நாற்பத்தொன்று.

ஸ்வீட்டி கதவைத் திறந்து பிள்ளையைக் காட்டினாள். முனியராஜின் முகம் மலர்ந்தது. "பையனா? நேரத்துக்குள்ள எடுத்துட்டாகளா?" என்று கையை நீட்டினான்.

"ஏங்க" என்று மேசையிலிருந்து கூப்பிட்டாள் இசைவாணி. "அன்னைக்குப் பொன்மணி வேலைக்கு வந்தாளா, இல்லையா?"

அவன் முகம் ஒரு கணம் இறுகிப் பின் தளர்ந்தது. ஸ்வீட்டியைப் பார்த்து, வீட்டுப் பெண்களின் அறியாமையைப் பொறுத்துக்கொள்ளும் ஆணின் சிரிப்பைச் சிரித்தான்.

"மயக்கத்துல பேசுதா சிஸ்டர். அப்படி ஒரு பிள்ளையே எங்க கம்பெனியில கிடையாது."

பிள்ளையின் அழுகை நின்றது.

"மேடம்" என்றான் சின்ன டாக்டர். "மேடம், உள்ள."

டாக்டரம்மா இரண்டு கைகளையும் தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். இன்னொரு அடி. சின்ன டாக்டரின் முதுகு சுவரில் இடித்தது. இசைவாணி கைகளை எண்ணினாள். நாலும் அவள் வயிற்றுக்கு வெளியே இருந்தன.

வயிற்றுக்குள் இழுப்பு நிற்கவில்லை.

விளக்கின் கிண்ணத்தில் தெரிந்தது. இன்னும் தைக்காத வெட்டு. அதன் ஓரத்தில் நாலு விரல். தோல் உரிந்து, கறுத்து. விரலுக்குப் பின்னால் மணிக்கட்டு. மணிக்கட்டுக்குப் பின்னால் முழங்கை. அது துழாவிப் பச்சைத் துணியின் கீழ் நுனியைப் பற்றியது. இழுத்தது.

அவளுக்குப் பயமாக இருந்தது. கத்தியிருக்கலாம். "ஓடுங்க" என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பச்சைத் துணி அவள் நெஞ்சிலிருந்து மெல்ல, மெல்லக் கீழே இறங்கியது. அதன் விளிம்புக்கு மேலே கருகிய தலை ஒன்று எழும்பியது. அது இசைவாணியின் பக்கம் திரும்பவில்லை. திறந்திருந்த கதவைப் பார்த்தது.